மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்

நான்கு வருடங்களுக்கு முன், தை பிறந்த கையோடு எங்கள் பையனுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பெண்ணை நாங்கள் வாலாஜாபாத் போய்ப் பார்த்தோம், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்து அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். அந்தச் செய்தி வந்ததுமே என் கணவர் பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், எதிரே ஆட்டோ வந்தால் பைக்கை ஓரங்கட்டி நிற்க வேண்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மர உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மச்சுக் கூரை. என் மாமனார் லாரி ஓட்டிச் சம்பாதித்து வாங்கியது. அவருக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை. அதனால் இந்த வீட்டை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் என் கணவருக்குத் தாங்காது.

பெண்ணின் அம்மா, தன் அண்ணனோடும் அண்ணியோடும் வந்தார். கணவரை இழந்தவர். வங்கியில் வீட்டுக் கடன் கேட்பவர்களின் வீடுகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் பொறியாளர் வேலை என்று தெரியும். அன்று பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் பழப்பை என்று மற்ற சம்பந்திகளைப் போலத்தான் வந்தார். காபி குடித்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டினோம். கல்யாணத்துக்குப் பிறகு பையனும் மருமகளும் இருக்கப்போகிற அறைக்குள் வந்ததும், அவர் மேலே அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். புது மின்விசிறியைப் பார்க்கிறார் என்று நினைத்து, அதன் பெருமையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நேரத்தில், கை கழுவ வேண்டும் என்று என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணி, நான் சொல்றத வச்சு இந்தச் சம்பந்தம் கூடலாம், கூடாமயும் போவலாம். அது வேற. அந்த ரூமுல இன்னிக்கி ராத்திரிலருந்து யாரையும் படுக்க வுடாதீங்க."

அவர் பொறுமையாக விளக்கினார். அந்த உத்தரம் சுவருக்குள் நுழைகிற மூலையில், புது பெயிண்ட் இப்போதே உப்பிக்கொண்டிருக்கிறதாம். மேலே அதே மூலையில்தான் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இருக்கும் என்று பார்க்காமலே சொன்னார். இருந்தது. தொட்டியின் பாரமும் கசிகிற தண்ணீரும் ஒரே இடத்தில் இறங்கினால் மரத்தின் முனை உளுத்துப்போகும், வெளியில் தெரியாது, பழைய வீடுகளில் அவர் அடிக்கடி பார்ப்பது இதுதான் என்றார். முதலில் தொட்டியைக் காலி செய்யச் சொன்னார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், எல்லோரிடமும் சிரித்தபடி விடைபெற்றார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் கொதித்துப்போனார். பெண் கொடுக்க வந்தவர்கள் வீட்டில் நொட்டை சொல்லலாமா, எங்கப்பா வீட்டைக் குறை சொல்ல இவர் யார், இந்த இடமே வேண்டாம் என்றார். நான் வாதாடவில்லை. மோட்டாரை நிறுத்தி, தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கட்டிலைக் கூடத்துக்கு இழுக்க ஆரம்பித்தேன். பையன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

மறுநாள் காலையில் அவன் ஏணி போட்டு ஏறி, உப்பிய இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தான். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்ததும், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவர் தலையில் மரத்தூள் கொட்டியது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. நேராகப் போய் போனை எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு தடவ வந்து வீடு முழுக்கப் பாத்துட்டுப் போறீங்களாம்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா ஸ்கூட்டியில் வந்தார். சாதாரண சுடிதார், தோளில் ஒரு பை. டார்ச்சும் சின்னச் சுத்தியலும் டேப்பும் எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்ததை நான் பின்னாலேயே நடந்து பார்த்தேன். சுவரைத் தட்டிக் காது கொடுப்பார். பூச்சு விட்டுப்போன இடம் பொக்கென்று சத்தம் போட்டது. பிளக் பாயிண்டுகளில் மூன்று ஓட்டை இருக்கிறதே தவிர எர்த் ஒயரே இல்லை என்று கண்டுபிடித்தார். மாடியில் மழைநீர் போகும் தூம்பில் வேர்விட்டிருந்த அரசங்கன்றை நாங்கள் அழகுக்கு விட்டுவைத்திருந்தோம்! அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும் என்றார். பின்னால் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் அறைக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஓடிய விரிசலைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். அது ஒன்றும் செய்யாது, அடைத்தால் போதும் என்றார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்னதிலேயே எனக்குப் பாதி தெம்பு வந்தது.

என் கணவரும் கூடவே வந்தார். அவர் முகம் விழுந்து கிடந்ததை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். கடைசியில் வாசல் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சொன்னார்.

"உங்கப்பா ஏமாறலண்ணே. நல்லா பாத்துதான் வாங்கிருக்காரு. செவுரு இரும்பாட்டம் இருக்குது. மேல டேங்க் வச்சது மட்டுந்தான் தப்பு, அது எல்லாரும் பண்றதுதான்."

என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அந்த அம்மா சொன்னபடியே தொட்டியை இறக்கி, அறைக்குள் முட்டுக் கொடுத்து, மேஸ்திரி அந்த மூலையை உடைத்தார். சுவருக்குள் உத்தரத்தின் முனையே இல்லை. அந்த இடத்தில் கறையான் மண்தான் இருந்தது. இத்தனை நாளும் பக்கத்துச் சட்டங்கள்தான் கூரையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மேஸ்திரி சத்தமில்லாமல் ஏணியிலிருந்து இறங்கி, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். இன்னும் இரண்டு முட்டுகள் கொடுத்த பிறகுதான் திரும்ப உள்ளே போனார்.

இரும்பு உத்தரம் ஏறியதும் நாங்களே தட்டோடு வாலாஜாபாத் போய்ப் பெண் கேட்டோம். அங்கேதான் பெண்ணின் அம்மாவுடைய அண்ணி ஒரு விஷயத்தை உடைத்தார். எங்கள் வீட்டிலிருந்து திரும்பிய அன்று வழியெல்லாம் பெண்ணின் அம்மா தன் அண்ணனிடம் திட்டு வாங்கினாராம். ஜாதகம் பொருந்தவில்லை என்று நாசூக்காக ஒதுங்கியிருக்கலாமே, வலியப்போய் மகளின் சம்பந்தத்தை ஏன் கெடுத்துக்கொண்டாய் என்று அவர் கேட்டாராம்.

அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பெண்ணின் அம்மாவிடம் நான் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"நாங்க ஒதுங்கிட்டா அந்த ரூமு காலியாவா இருக்கும், அண்ணி? வேற யாரு வூட்டுப் பொண்ணோ வந்து படுத்துக்கினு இருக்கும்."

இப்போது அந்த அறையில் என் மகனும் மருமகளும் பேத்தியும் தூங்குகிறார்கள். தன் மகளின் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை என்று, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்காக அன்று என்னிடம் வாய் திறந்தாரே, அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.