கரண்ட் இல்லை என்று சொன்ன சேர்வர்

மஸ்கெலியாவிலிருந்து வாராவாரம் பஸ் பிடித்து அக்கரப்பத்தனைப் பக்கம் வேலைக்குப் போன நாட்களில், ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் பிரதேச ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. ஆறு தோட்டங்களின் கொழுந்து நிறையும் ஆட்களின் பெயர்ப் பதிவும் ஒரு சேர்வரில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். ஆபீஸின் பின்பக்கம், முன்பு சாமான் போட்டு வைத்திருந்த கல் அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு என்றால் எனக்கும் அந்த மெஷினுக்கும்.

தங்கியிருந்தது ஸ்டாஃப் குவாட்டர்ஸில் ஒரு அறை. பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் என் அப்பா அம்மா லயத்து ஆட்கள், தோட்டத்துக் கூலி வேலைக்காரர்கள் என்று கேள்விப்பட்ட பிறகு சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கீழே லயத்துப் பெண்களோ என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். அதனால் ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் போவதும் உண்டு.

ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை காலை சேர்வரின் திரையில் ஒரு செய்தி வந்தது. உள்ளே வரும் மின்சாரம் இல்லை, பத்து நிமிடத்தில் நிறுத்தப் போகிறேன் என்று. தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கீழே ஃபெக்டரி இரைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அது சொன்னபடியே நின்றது. திரும்பப் போட்டேன். அதே செய்தி வந்தது, அதேபோல நின்றது.

அந்தச் செய்தி கொழும்புத் தலைமை ஆபீஸுக்கும் தானாகவே போகும். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு இஞ்சினியர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு பள்ளிக்கூடத்து வாத்தியார்மாரிடம் கேட்டது, கேட்டதும் கை கட்டிக்கொள்ளத் தோன்றும்.

"மிஸ், அங்க கரண்ட் இருக்கோ?"

இருக்குதுங்க சேர் என்றேன். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ என்றார். மறுபடி பல்பைப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. மலையில் மழை பெய்தால் கரண்ட் போகும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மெஷினும் அதையே சொல்கிறது.

பெரிய கிளாக்கர் வந்து பார்த்தார். கொழும்பு சொல்வதைச் செய்துவிடுவோம் என்று ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். ஜெனரேட்டர் ஓடியது. சேர்வர் அப்போதும் கரண்ட் இல்லை என்றது. அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. பின்னேரம் மேனேஜர் கூப்பிட்டு, நிறைப் பதிவு தாமதமாகிறதே, நீயே நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறாயா என்று சிங்களத்தில் மெதுவாகவே கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் என் சிங்களம் எழும்பவில்லை. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றுபோன திரைக்கு முன்னால் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பிளக்கை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், வேறு வயர் போட்டேன். எதற்கும் அசையவில்லை. புதன்கிழமை காலை அதே இஞ்சினியர் எடுத்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். செய்த எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில், "சேர், நான் பொய் சொல்லலங்க" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்கள் பொய் சொல்லேல்ல, தங்கச்சி. மெஷினுக்கு ஆரோ பொய் சொல்லுறாங்கள். ஆரெண்டு பாப்பம்."

சேர்வருக்குக் கரண்ட் வருகிறதா என்று நேராகத் தெரியாது என்று விளக்கினார். பக்கத்தில் இருக்கும் யு.பி.எஸ் பெட்டிதான், கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கிக்கொண்டு, கரண்ட் போய்விட்டது என்று ஒரு மெல்லிய கேபிள் வழியாகச் சொல்லும். அதைச் சேர்வர் அப்படியே நம்பும். யு.பி.எஸ்ஸில் என்ன லைட் எரிகிறது என்று கேட்டார். பச்சை, அதாவது கரண்ட் வருகிறது. அப்படியென்றால் அந்தப் பெட்டி சரியாக இருக்கிறது. மெல்லிய கேபிளைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் செய்தி மாறியது. கரண்ட் இல்லை என்பது போய், யு.பி.எஸ்ஸைக் காணவில்லை என்று வந்தது. திரும்பச் செருகினேன். கரண்ட் இல்லை என்றது.

கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டார். சுவரோரமாக, இரும்பு அலமாரிக்குப் பின்னால் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நான் வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை கூரை ஒழுகியதால் அலமாரியை இழுத்துச் சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். அது இடம் மாறியிருந்ததைத் திங்கட்கிழமையே பார்த்தேன். இதையும் அதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த பழைய ஃபைல்களை ஒவ்வொரு கட்டாகத் தரையில் இறக்கினேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட மனம் வரவில்லை. காலியான பிறகு முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். இரும்புக் காலுக்கு அடியில் கேபிள் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. தோல் பிய்ந்து உள்ளே இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ரிசீவரை எடுத்துச் சொன்னேன். கரண்ட் போனால் மட்டும் சேர வேண்டிய கம்பிகள் அவை என்று இஞ்சினியர் சொன்னார். பிரித்து, ஒவ்வொன்றிலும் டேப் சுற்றினேன். திரையில் மின்சாரம் திரும்ப வந்துவிட்டது என்று வந்தது. மூன்று நாளாகப் போகாத மின்சாரம்.

சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வேலை முடிந்தது, போனை வைத்திருக்கலாம். இருவரும் வைக்கவில்லை.

"அதென்ன சத்தம்? மழையோ?"

தகரத்துல பெய்யுதுங்க என்றேன். கொழும்பில் தன் அறை மூன்றாவது மாடி, மழை பெய்தாலும் சத்தம் வராது என்றார். ஊரில் அம்மா தனிய இருக்கிறா, யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடக்கிறதால் போகேலாது, இரண்டு வருஷமாகுது என்றார். நான் மாதத்தில் நாலு தடவை வீட்டுக்குப் போகிறவள். ரிசீவரை வயர் எட்டுகிற மட்டும் ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கை வலிக்கும்வரை பிடித்திருந்து திரும்பக் காதில் வைத்தபோது, "காணும் தங்கச்சி, போதும்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

மேனேஜர் நல்லது என்றார். பெரிய கிளாக்கர் தரையில் கிடந்த ஃபைல்களை அடுக்கச் சொன்னார். அலமாரியை அங்கே தள்ளியது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து புதிய கேபிள் பார்சலில் வந்தது. உள்ளே கடிதம் ஏதாவது இருக்குமா என்று பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தேன்.

சேர்வர் அதன் பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவருக்குப் போன் எடுக்கக் காரணம் கிடைக்காமல் இரண்டு மாதம் போனது. ஒரு மத்தியானம் காரணமில்லாமலேயே எடுத்தேன். வேறொருவர் பேசினார். அந்த இஞ்சினியர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டாராம், எந்த நாடு என்று தெரியாதாம். என்ன பிரச்சினை என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, மெஷின் நல்லா ஓடுது என்று சொல்லத்தான் எடுத்தேன் என்றேன். அவர் சரி என்று குறித்துக்கொண்டார்.