எஸ்தர் கூரையைத் திறந்த நாள்

என் தம்பி பெண்டாட்டி எஸ்தரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறேன் என்றால் எங்கள் ஏரவாடாப் பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். வாசற்கதவைப் பூட்டினால் நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். அவளோடு ஒரு இடத்துக்குக் கிளம்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் சுஷ்மா மேடத்தின் ஷெட்டில் அவள் ஆறு வருஷமாக வண்டி கழுவினாள். நான் அதே வண்டிகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் மேடம் பழைய சிவப்புக் கார் ஒன்று வாங்கினார். பட்டனை அழுத்தினால் இரும்புக் கூரை எழும்பி, மடிந்து, டிக்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டிரைவர் மாதவ் ஒரு ஊர்வலத்தில் டிக்கியைப் பார்க்காமலே அழுத்தினான். உள்ளே இருந்த பட்டாசுப் பெட்டிமேல் கூரை இறங்கி, பின்கண்ணாடி நொறுங்கியது. புதுக் கண்ணாடி வந்து சேர நாலு மாதம். அதற்குப் பிறகு எந்த டிரைவரும் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை.

எஸ்தர் போய் நின்றாள். லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகியும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தவள். நான் ஓட்டுகிறேன் மேடம் என்று இந்தியில் கேட்டாள். மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. கூரையில் ஏதாவது ஆச்சு, வண்டியை விற்றுவிடுவேன். நீ பக்கெட்டோடு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

போன ஜனவரியில் அந்த ஒரு தடவை வந்தது, ஔந்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பெண் ப்ரீத்தி கோயம்புத்தூர்க் குடும்பம், மாப்பிள்ளை தேஜஸ் மராத்திப் பையன், இருவரும் ஐ.டி. மாலை ஐந்து மணிக்கு ஊர்வலம். ஜோடி பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, மண்டப வாசலில் கூரை திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும். கூரையிலும் டிக்கி மூடியிலும் ஒரு இதழ்கூட இருக்கக்கூடாது என்று எஸ்தர் எனக்கு உத்தரவு போட்டாள். என் தொழிலில் எனக்கே உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு முன்பக்கத்தோடு பூவை நிறுத்தினேன்.

டோல் மேளம் அடிக்க ஆரம்பித்தாயிற்று. வீடியோக்காரன் கையைக் காட்டினான். இந்தப் புண்ணியவதி எஞ்சினை ஓடவிட்டு, இறங்கி டிக்கிப் பக்கம் நடந்தாள்.

"அரே, பட்டன் தபாவோ!" என்று பட்டனை அழுத்தச் சொல்லி மாதவ் கத்தினான். சொந்தக்காரர்களை ஏற்றிவந்த வண்டியில் சாய்ந்து நின்றான், வேடிக்கை பார்க்க. வாசலில் சுஷ்மா மேடம் கைகட்டி நின்றார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. "ஏண்டி, இப்பத்தானே பார்த்த? மானத்த வாங்காத" என்றேன்.

"அப்ப பார்த்தது அப்ப, அக்கா. நடுவுல பொண்ணு பையை வைக்க டிக்கியத் திறந்தாங்க."

திறந்தாள். டிக்கிக்குள் ஒரு திரை உண்டு. பைகள் திரைக்குக் கீழே, கூரை வந்து இறங்குவது மேலே. திரையை இழுத்துக் கொக்கியில் மாட்டினால்தான் கூரை அசையும். ஆனால் திரைக்கு மேலே என்ன கிடக்கிறது என்று வண்டிக்குத் தெரியாது. எஸ்தர் கையை உள்ளே விட்டு மூலைவரை தடவினாள். மஞ்சள் துணியில் முடிந்த முழுத் தேங்காய் ஒன்று வெளியே வந்தது. கண்ணாடி சரியாக அதன்மேல்தான் இறங்கியிருக்கும்.

பெண்ணின் அம்மா லலிதா முகம் வெளுத்து முன்னால் வந்தார். "நாந்தானுங்க வெச்சேன். மேல தொறந்துட்டுப் போறாங்க, ஊருக் கண்ணெல்லாம் புள்ளை மேலதானே விழும். திருஷ்டிக்கு வெச்சா வெளிய சொல்லக்கூடாதுங்க. அதான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

நானாக இருந்தால் நாலு கேட்டிருப்பேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எஸ்தர் அந்தத் தேங்காயை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்தாள். "வச்சது தப்பில்லம்மா. இடந்தான் சரியில்ல. முன்சீட்டுல உக்காந்து மடியில வச்சுக்கங்க."

திரையின் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். பின்சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையைக் கையால் துடைத்தாள். பிறகு மேலே பார்த்தாள். விளக்கு வளைவு தலைக்குமேலே தொங்கியது. வண்டியை இரண்டு கார் நீளம் முன்னால் நகர்த்தி, மட்டமான தரையில் நிறுத்தி, பட்டனை அழுத்தினாள். விரலை எடுக்கவே இல்லை.

டோல்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறந்தது, கூரை எழும்பியது, மடிந்தது, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. மூடி மூடிக்கொண்டது. ஒரு சின்ன மணி ஒலித்த பிறகுதான் அவள் விரலை எடுத்தாள். ஜோடிமேல் மாலை வெயில் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. டோல் மறுபடி கிளம்பியது. நான் இந்த வயதில் விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். மாதவ்கூடக் கைதட்டினான்.

லலிதா தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு மகாராணியாகப் போனார். மறுநாள் ஷெட் பலகையில் சிவப்புக் காருக்கு நேரே டிரைவர் எஸ்தர் என்று மேடமே எழுதினார். பக்கெட்டுக்கு வேறு ஆள் போட்டாயிற்று.

போன ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது எஸ்தர் வழக்கம்போல் கதவை நாலு தடவை இழுத்தாள். அவள் படியிறங்கியதும் நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.