‘ஸ்காலிவாக்’ குறித்துத் தெளிவுரை கோருதல்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் அலுவலக ஜீப் டிரைவரின் இரகசியக் குறிப்பில் அதிகாரி ஒரே ஒரு சொல்லை எழுதினார்: ஸ்காலிவாக். டிரைவருக்குத் தகுதிகாண் பருவம் முடியும் நேரம். அந்தக் குறிப்பு அப்படியே நின்றால் வேலை நிரந்தரமாகாது. நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் பெண் தரமாட்டோம் என்று போளூரில் ஒரு குடும்பம் சொல்லியிருந்தது.

பாதகமான குறிப்பை ஊழியருக்குப் புரியும் மொழியில் தெரிவித்து அவர் பதிலை வாங்க வேண்டும் என்பது விதி. விதிகளைப் படித்து வைத்த பாவத்துக்கு அந்த வேலை என்னிடம் வந்தது. அலுவலக அகராதியில் அந்தச் சொல் இல்லை. நான் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்திலும் அது எதிர்ப்படவில்லை.

செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆங்கிலேயக் கிழவரிடம் போனேன். கேட்டதும் சிரித்துவிட்டார். போக்கிரி, உதவாக்கரை என்று பொருளாம். ஆனால் கோபம் பாதி, செல்லம் பாதி. ஜாம் திருடித் தின்றபோது அவருடைய அம்மா அப்படித்தான் திட்டுவாராம். எங்கிருந்து வந்த சொல் என்று யாருக்கும் நிச்சயமில்லை. எவ்வளவு தின்றாலும் தேறாத குட்டை மாட்டை அப்படிச் சொன்னார்கள் என்பது ஒரு கட்சி. குட்டைக் குதிரைகளுக்குப் பேர்போன ஒரு தீவின் ஊர்ப்பெயர் என்பது இன்னொரு கட்சி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, ஜெயித்த வடக்கோடு சேர்ந்துகொண்ட தெற்கத்தி வெள்ளைக்காரர்களை அவர்கள் ஊர்க்காரர்களே இப்படி ஏசினார்களாம்.

டிரைவர் அடி அண்ணாமலைக்காரர். வீட்டில் நான்கு மாடு. விஷயத்தைச் சொன்னேன்.

“மாடுன்னு எழுதிட்டாரா? அதுவும் தேறாத மாடா?”

“அப்படியும் சொல்றாங்க. நீ என்னய்யா பண்ணித் தொலைச்ச?”

“ஒண்ணும் பண்ணல சார். அவரு மாமியார ஜீப்புல இட்டுக்கினு மலை சுத்தி வந்தேன். லாக் புக்ல எழுதினேன்.”

“என்னான்னு?”

“‘அய்யாவோட மாமியார், கிரிவலம், பதினாலு கிலோமீட்டர்’னு. உள்ளத உள்ளபடி எழுதணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

சொன்னது நான்தான். கோப்பில் இப்படிக் குறிப்பு வைத்தேன்: ‘மேற்படி சொல்லின் பூர்வீகம் குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது. ஊழியருக்குத் தெரிவிக்க ஏதுவாக, எப்பொருளில், அவரது எச்செயலைக் கருதி எழுதப்பட்டது என்று தெளிவுபடுத்தலாம். லாக் புக் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது.’

கோப்பு இரண்டு நாள் அதிகாரியின் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

“அந்தப் பக்கத்த ஏன்யா சேர்த்த?”

“ஆதாரம் இல்லாம மேல அனுப்பக் கூடாதுங்க சார்.”

“மேல வேற போவுதா?”

“டிரைவர் பதில் குடுத்தா வேலூர் ஜில்லா ஆபீஸ் வரைக்கும் போகுங்க.”

பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து அதையே வாயால் சொன்னார். வாய்மொழிக்கு விளக்கம் அளிக்கத் தேவையில்லை என்பதால் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரமே நிரந்தர உத்தரவு வந்தது. டிரைவர் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போளூர் பஸ் ஏறிவிட்டார். அவருடைய விடுப்பு விண்ணப்பத்தை நான் எழுதி வைத்து, கையெழுத்தை மறுநாள் வாங்கிக்கொண்டேன். விதியில் அதற்கு இடமில்லை.