லூசிபர் மார்க் தீப்பெட்டி

ஹாலந்து தேசத்திலிருந்து மெஷின் விற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருமுறை என் ஆபீசுக்கு வந்திருந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மேஜையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தபடி, ‘லூசிபர்’ என்றார். எம்.ஏ. படித்த என் மானேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சாத்தான் பெயரை எதற்கு இந்த ஆள் சொல்கிறார் என்று என் காதருகில் வந்து முணுமுணுத்தார். அது பழைய இங்கிலீஷில் தீக்குச்சிக்குப் பெயர் என்று நான் சொன்னேன். மானேஜர் நம்பாமல் வெள்ளைக்காரரிடமே கேட்டார். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இங்கிலீஷ்காரர்கள் மறந்துவிட்டார்கள், எங்கள் தேசத்தில் இன்றைக்கும் குச்சிக்கு அதுதான் பெயர் என்றார்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அதற்குப் பிறகு என் மானேஜர் என்னிடம் பேசும்போது ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வார்த்தையை எங்கள் வட்டாரத்தில் முதன்முதலில் தாளில் எழுதியவனே நான்தான்.

அப்போது நான் சின்னப் பையன். இரண்டு வருஷமாக ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் வெடித்து, காலை உள்ளே விடலாம் என்கிற மாதிரி வாய் பிளந்து கிடந்தது. கம்பும் போச்சு, பருத்தியும் போச்சு. என் தாய்மாமா இனி இந்த மண்ணை நம்பிப் பிரயோசனமில்லை என்று முடிவுசெய்து, உழவுமாட்டை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டார். பருத்தி போட்டு வைக்கிற கொட்டகைதான் ஆபீஸ். மாட்டை விற்றவனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆபீஸ் நின்றால் நிற்க வேண்டும், விழுந்தால் மாமாவும் விழ வேண்டும். அது ஊருக்கே தெரியும்.

தீப்பெட்டிக்கு மார்க் முக்கியம். கோழி, மயில், மான், தாமரை என்று நல்ல மார்க்கெல்லாம் சிவகாசிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் வைக்காத பெயராக வேண்டும் என்று மாமா அலைந்தார். கடைசியில் அதைக் கொடுத்தவர் என் பெரியப்பா.

பெரியப்பா பஞ்சுக் கம்பெனித் துரை பங்களாவில் பட்லராக இருந்து ஊருக்கு வந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது தந்துவிட்டுப் போன சாமான்களை ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதிலிருந்து தீக்குச்சி போட்டு வைக்கிற தகரச் சிமிழ் ஒன்றை எடுத்து வந்தார். மூடியில் இங்கிலீஷ் எழுத்து புடைத்து நின்றது.

“எங்க பெரிய தொர சுருட்ட வாயில வச்சதும் ‘லூசிபர்’னு கைய நீட்டுவாரு. நான் இந்தச் சிமிழக் கொண்டுக்கிட்டு ஓடணும்,” என்றார் பெரியப்பா. “சின்ன தொர வந்த பெறகு நானும் அப்படியே சொன்னேன் மாப்ள. அவரு சிரியா சிரிச்சாரு. அது அவிய தாத்தா காலத்துப் பேச்சாம். மேட்ச்னு சொல்லணுமாம்.”

“சிரிச்சா சிரிக்கட்டும் அத்தான். சீமையில குச்சிக்கு வச்ச மொதப் பேரு நம்ம பெட்டியில வரப் போவுது. சிவகாசிக்காரன் ஒருத்தனுக்குத் தெரியுமா இது?” என்றார் மாமா.

வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன். சிமிழைப் பார்த்துப் பார்த்து, ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மாமா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினார். லேபிலுக்குப் படம் வேண்டுமே என்று அச்சாபீசில் கேட்டிருக்கிறார்கள். தீப்பந்தம் போடச் சொல்லியிருக்கிறார் மாமா. அவர்களிடம் எதற்கோ வரைந்து வேண்டாமென்று கிடந்த படம் ஒன்று இருந்தது. சிறகு வைத்த ஆள், கையில் பந்தம். மலிவாக வருகிறதே என்று அதையே போட்டுவிட்டார்கள். கட்டுக் கட்டாக லேபில் வந்து இறங்கியபோது நான் தெருவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

ஆபீசில் வேலைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மாதா கோயில் தெருப் பெண்கள். ஆர்.சி. வேதக்காரர்கள். கூலிக்குக் களை எடுப்பார்கள், பருத்தி எடுப்பார்கள். காட்டில் களையும் இல்லை, பருத்தியும் இல்லை என்றான பிறகு பெட்டி ஒட்டவும் குச்சி அடைக்கவும் வந்தார்கள். கை என்றால் அப்படி ஒரு கை. பேசிக்கொண்டே ஒட்டுவார்கள், கண் பெட்டியில் இருக்காது, லேபில் இம்மி பிசகாமல் உட்காரும். அவர்களுக்கெல்லாம் தலைமை மாதிரி இருந்தவர் என்னோடு படித்த மிக்கேலின் அம்மா. புருஷன் இல்லை. மிக்கேலும் அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகளும்.

லேபில் ஒட்டத் தொடங்கிய அன்று அந்தத் தெருவின் உபதேசியார் புது ஆபீசைப் பார்க்க வந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். லத்தீன் ஜெபமெல்லாம் தலைகீழாகச் சொல்வார் என்பார்கள். லேபில் ஒன்றை எடுத்தார், எழுத்துக் கூட்டினார், சிறகையும் நெருப்பையும் பார்த்தார். அதை அப்படியே கீழே போட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. பெண்களுக்குக் கேட்டது. மடியில் கிடந்த பெட்டிகளை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள். மிக்கேலின் அம்மா மட்டும் மாமா முன்னால் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. எங்க கையால அவன் பேர ஒட்ட மாட்டோம்.”

“எவன் பேர?”

“அந்த லூசிபேர் பேரத்தான். சாத்தான் பேர எங்கள ஒட்டச் சொல்லுதீங்க.”

மாமா திகைத்துவிட்டார். தூத்துக்குடி சாயபு ஒருவர் முதல் லோடை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். கார்த்திகைக்கு முன்னால் லாரி அனுப்புவேன், சரக்குத் தயாராக இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். வேறு லேபில் அடித்து வாங்க நேரமும் கிடையாது, கையில் காசும் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் மாமா என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பாதிரியாரான பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். எழுத்தை வாசித்துக் காட்ட நான் வேண்டும் அல்லவா. சாமியார் லேபிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். லத்தீனில் அதற்கு வெளிச்சம் கொண்டு வருகிறவன் என்று அர்த்தம். விடிவெள்ளிக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ஈஸ்டர் ராத்திரியில் பெரிய மெழுகுதிரிக்கு முன்னால் பாடும்போது கர்த்தரையே அந்தப் பெயரால் பாடுவார்களாம். கர்வம் பிடித்து வீழ்ந்த ராஜா ஒருவனை விடிவெள்ளியே விழுந்தாயே என்று வேதத்தில் ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறதாம். பின்னால் வந்தவர்கள் அவன்தான் சாத்தான் என்று அர்த்தம் பண்ண, பெயரும் அவனோடு ஒட்டிக்கொண்டதாம். தீக்குச்சி கண்டுபிடித்த வெள்ளைக்காரன் எதை நினைத்து வைத்தானோ, உரசினதும் வந்த கந்தக நாற்றத்துக்கு இரண்டாவது அர்த்தம்தான் பொருத்தம் என்று சொல்லி மறுபடி சிரித்தார். ஒட்டினால் பாவமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது மாமா சைக்கிளை மிதித்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேராக மாதா கோயில் தெரு முனையில் போய் இறங்கி, சாமியார் சொன்னதை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொன்னார். விடிவெள்ளி, மெழுகுதிரி, கர்த்தர் எல்லாம் வந்தது. பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மிக்கேலின் அம்மாதான் பதில் சொன்னார்.

“சாமியாருக்கு லத்தீனு தெரியும், அவியளுக்கு அது விடிவெள்ளி. பாஸ்கா நாடகத்துல கொம்பு வச்சுக்கிட்டு வாரவன் பேரு என்னன்னு எங்க புள்ளையளக் கேளுங்க அண்ணாச்சி. அதுக பயந்துல்லா கெடக்கு.”

உபதேசியார் சாமியாரை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் தெருப் பெண்களை வைத்து ஒட்டிப் பார்த்தார் மாமா. லேபில் கோணிக்கொண்டு போனது. சிறகு வைத்த ஆள் பெட்டிக்குப் பெட்டி தலைகீழாகத் தொங்கினான். அம்மா, அத்தை, பெரியப்பா, நான் எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண்கள் காலையில் செய்கிறதை நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்து முடிக்கவில்லை. மாமா விடியற்காலையில் தொழுவத்துக்குப் போய், மாடு கட்டியிருந்த முளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மிக்கேலைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குப் பசை அப்பிய கை, அவனுக்கோ காடு முழுக்கச் சொந்தம். தங்கைகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரை முள்ளுக்குள் நுழைந்து, சூரிப்பழமும் கோவைப்பழமும் ஒன்று விடாமல் பறித்துத் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் கொண்டுவரச் சொன்னால், கிடைக்கவில்லை என்பான்.

அப்படியே ஒரு வாரம் போல இருக்கும். ஒரு நாள் காலையில் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. மிக்கேலின் அம்மா. பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

“எங்க கோயிலுக்கு வந்துருக்கீங்களா அண்ணாச்சி?” என்றார் மிக்கேலின் அம்மா.

மாமா திருவிழாவுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்.

“உள்ள மிக்கேல் சம்மனசு, அந்தத் தேவதூதரு, நிக்காருல்லா, ஈட்டியோட. அவரு காலுக்குக் கீழ கெடக்கது யாரு?”

“யாரு?”

“அவன்தான். கோயிலுக்குள்ளயே அவன் கெடக்கான், நாங்க முட்டுப் போட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வாரோம். சம்மனசு மிதிக்கலாம், நாங்க மிதிக்கப்படாதா? பெட்டி மேல அவன் படுத்துக் கெடக்கட்டும். ஊருல உள்ள பொம்பளைக எல்லாம் அவன் வெலாவுல உரசி உரசி அடுப்பு பத்த வைக்கட்டும். தீந்த பெறகு அவனையும் அந்த அடுப்புலயே போடட்டும். நாங்க ஒட்டுதோம்.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உபதேசியாரிடமும் இதையே சொன்னார்களாம், அவரும் தலையாட்டிவிட்டாராம். சாமியாருக்கு லத்தீன் படித்தும் தோன்றாத பதில் அது. மாமா முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. உள்ளே வரச் சொன்னார். ஆனால் அந்தம்மா வாசற்படி தாண்டவில்லை.

“ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. பசையில துத்தம் போடப்படாது.”

ஒட்டுகிற பசையை அத்தைதான் காய்ச்சுவார். மைதா மாவைக் கஞ்சி மாதிரிக் காய்ச்சி, இறக்கும்போது மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார். துத்தம் விஷம். அது சேர்ந்தால் பசை நீலம் பாரித்துவிடும். எறும்போ எலியோ மனுஷரோ வாய் வைக்க முடியாது.

துத்தம் எதற்கு வேண்டாம் என்று மாமா கேட்டார்.

“பேருல ஒரு வெஷம் இருக்குல்லா. பசையில வேற எதுக்கு?” என்றார் அவர். அப்போது அவர் சிரிக்கவில்லை.

வேதக்காரர் சாங்கியம் ஏதோ ஒன்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். துத்தக் காசு மிச்சம் என்று மாமாவுக்கும் சந்தோஷம். பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்த வேலை லாரி வந்து நிற்கிற வரைக்கும் ஓயவில்லை. லோடு ஏறியது. கார்த்திகை விளக்கு எங்கள் பெட்டியால்தான் ஏற்றப்பட்டது என்று தூத்துக்குடிக்காரர்கள் சொன்னால் அதில் பொய்யில்லை. லூசிபர் மார்க் நாலைந்து வருஷம் ஓடியது. அந்தக் கொட்டகைதான் பிற்பாடு என் கையில் மூன்று ஆபீசாக வளர்ந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் உட்கார்ந்து பேசினால் ராத்திரி போதாது.

லாரி போன பிறகு மாமாவுக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. பசை நிற்கவில்லை. அத்தை காலையில் சட்டி நிறையக் காய்ச்சி வைத்தால் மத்தியானத்துக்குள் அடி தெரிந்துவிடும். ஒட்டின பெட்டிக்கும் தீர்ந்த பசைக்கும் பொருத்தமில்லை என்று அத்தை முனகினார். துத்தம் போடாததால் எலி வந்து தின்கிறது என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். மாமா என் மூளையை மெச்சி, கோவில்பட்டிச் சந்தையில் எலிப்பொறி வாங்கி வந்து அதை என் பொறுப்பில் விட்டார். கருவாட்டுத் துண்டு வைத்துப் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். காலையில் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு எலி, ஒரு மூஞ்சூறுகூட விழவில்லை. கருவாடு வைத்தது வைத்தபடி இருக்கும். பசை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

தோற்றுப்போகிற ஆள் இல்லை நான். எலி பிடிப்பதில் மிக்கேல் கெட்டிக்காரன். வயல் வரப்பில் வளை பார்த்துச் சொல்வான். அவனிடம் போய் விஷயத்தைச் சொல்லி, கருவாட்டைத் தொடாமல் பசையை மட்டும் தின்கிற எலி எப்படிப்பட்ட எலியாக இருக்கும் என்று கேட்டேன். அவன் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மிக்கேல் அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தான்.

“பெரிய எலியா இருக்கும்லே,” என்றான்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓடிப்போய் மாமாவிடம், மிக்கேலும் அவன் தங்கையும் நின்றதையும், வாயைத் துடைத்துவிட்டு அவன் சொன்னதையும் அப்படியே ஒப்பித்து, இதைவிடப் பெரிய பொறி வாங்க வேண்டும் என்றேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பொறியை வாங்கிப் பரண்மேல் தூக்கிப் போட்டார்.

மறுநாள் அத்தை பசைச் சட்டியை மாற்றிவிட்டார். கல்யாண வீட்டில் சாம்பார் வைக்கிற அளவு சட்டி. உழவுமாட்டை விற்று ஆபீஸ் போட்ட என் மாமா, கேவலம் ஒரு எலிக்குப் பயந்துவிட்டாரே என்று எனக்கு ஒரே அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மிக்கேலைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.