நான்கு மூலையும் கிழிந்த படம்

அந்தப் படத்தின் நான்கு மூலைகளும் நைந்து கிடந்தன. ஆணி அடித்து, பிடுங்கி, வேறு சுவரில் மறுபடி அடித்து, மூலைக்கு மூலை கந்தல். படம் என்னவோ நல்ல படம்தான். பேதியாகும் குழந்தையை மடியில் கிடத்தி, காய்ச்சிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டு, ஒரு தாய் கரண்டியால் ஊட்டுகிறாள். எழுபதுகளின் பின்பாதியில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து வந்தது அந்த ஒரே ஒரு சுகாதாரப் படம்தான். இன்ஸ்பெக்டர் எந்தப் பள்ளிக்கு வருகிறாரோ அந்தப் பள்ளிக்கு முதல் நாளே படம் போய்விடும். பொன்னேரியில் ரயிலேறி அவருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே போய் இறங்கிவிடும். இரவல் நகை போட்டுக்கொண்டு பெண்பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த கதைதான். அவரும் ஊருக்கு ஊர் அதே படத்தைப் பார்த்து, அதே மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார். கிழிந்த மூலை அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

நான் வேலை பார்த்த பள்ளி பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தது. தையலுக்கு நூலும் துணியும் வராததால் 'சும்மா இருக்கிறவர்' என்று சுகாதாரப் பாடத்தைத் தையல் டீச்சர் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் இன்ஸ்பெக்ஷன் தள்ளிப்போக, படம் சில நாள் எங்களிடமே தங்கிவிட்டது. டீச்சர் அதைச் சுவரில் மாட்டவில்லை. சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டு மீனவர் குப்பத்துக்கே போனார். குப்பத்தில் பேதி பரவியிருந்த நேரம். பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டவே கூடாது என்பது அங்கே கல்லில் எழுதிய சட்டம். டீச்சர் வலை காயும் கொம்பில் படத்தைத் தொங்கவிட்டார். பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். "சர்க்காரே படம் போட்டு அனுப்சிகிதுன்னா சும்மாவா?" என்றாள் ஒருத்தி. அன்றே வீட்டில் ஊட்டினாள். அவள் பிள்ளை பிழைத்தது.

ஏரிக்கு அக்கரையிலும் ஒரு குப்பம் உண்டு. மறுநாள் அங்கே போகலாம் என்றிருந்தார் டீச்சர். காலையில் வந்தால் படத்தைக் காணோம். "தெக்கால ஸ்கூல்ல நாளைக்கி இன்ஸ்பெக்ஷன். அனுப்ச்சிட்டேன்," என்றார் ஹெட்மாஸ்டர். டீச்சர் விடவில்லை. "ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா சார்?" "நல்லா கீதே! படம் இல்லன்னா அந்த ஹெச்.எம்.முக்கு மெமோ வரும். உங்களுக்கு இன்னா டீச்சர் தெரியும்?" அவரும் கெட்டவர் இல்லை. மெமோவைக் கண்டால் பேயைக் கண்ட மாதிரி நடுங்குவார், அவ்வளவுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். அக்கரைக் குப்பத்துப் பெண். அவள் தம்பிக்குப் பேதி என்று அன்றைக்குத்தான் சொன்னாள். டீச்சர் வெறுங்கையோடு படகேறினார், நானும் போனேன். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, துணி மாதிரிக் கிடந்தது பிள்ளை. டீச்சருக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. கரித்துண்டால் சுவரில் வரைந்தும் காட்டினார். தாய் தயங்கினாள். "நீங்க சொல்றீங்க டீச்சரம்மா. தண்ணி குடுத்தா இன்னும் போவும்ன்றாங்க என் மாமியாரு. அந்தாண்ட குப்பத்துல சர்க்காரு படம் காட்னீங்களாமே, அத்த எடுத்துக்கினு வாங்க. அவங்களே பாக்கட்டும்." மாமியார் தண்ணீர்ச் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோங்கள் என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். விடிந்ததும் கிளம்பினார்கள். பொன்னேரி பஸ் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

அடுத்த வாரம் படம் எங்கள் பள்ளிக்குத் திரும்பி வந்தது. கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார். மூன்றாம் வகுப்புச் சுவரில் படம். அதைக் குச்சியால் தட்டி, "பேதியானா இன்னா குடுக்கணும்? யார் சொல்வீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண்தான் எழுந்தாள். "உப்பும் சக்கரையும் போட்ட தண்ணி குடுக்கணும் சார்." "வெரி குட்!" என்று கைதட்டினார் அவர். பிள்ளைகளும் தட்டினார்கள். தையல் டீச்சர் மட்டும் கைதட்டவில்லை. இன்ஸ்பெக்டர் போனதும் ஆணிகளைத் தானே பிடுங்கி, படத்தைச் சுருட்டி, ஹெட்மாஸ்டர் மேஜைமேல் வைத்தார். "அடுத்து எந்த ஊர் சார்?" என்று கேட்டார்.

போன மாதம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் பள்ளிக்குப் பள்ளி சொந்தப் படம், வழவழவென்று. பீரோவின் மேல் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டபடி கிடந்தன. ஒன்றை எடுத்து விரித்தேன். அதே தாய், அதே கரண்டி. மூலையில் ஓர் ஓட்டைகூட இல்லை. "ஏம்மா, இதை மாட்டலையா?" என்று கேட்டேன். அங்கே நின்ற சின்ன வயது டீச்சர் பதறிப்போய் என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள்.

"மாட்டினா கிழிஞ்சிடும் மேடம். இன்ஸ்பெக்ஷனுக்கு வேணும்."