திண்டிவனம் பட்டாணி, விழுப்புரம் பட்டாணி

அன்றைக்கு மச்சான் வீட்டில் இருந்தவர்கள்: மச்சான், அதாவது என் மனைவிக்கு அண்ணன், நெஞ்சு வலி வந்து எழுந்தவர். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மனைவி. பட்டாணி வறுத்து விற்கும் பாய். கடைசியாக நான். அந்தக் கூட்டத்தில் விவரம் தெரிந்த ஆள் நான்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் நடந்தது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூட்டைக்குள் கை விட்டு நாலு காய் எடுத்து உடைப்பேன். பருப்பைத் தாள் மேல் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கித் தேய்ப்பேன். கறை எவ்வளவு பரவுகிறதோ, அவ்வளவு எண்ணெய். முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். மூன்றாம் வகுப்பு படித்தவனுக்கு அது போதாதா? விரலைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

மச்சானுக்கு மல்லாட்டை என்றால் உயிர். சாயங்காலம் உட்கார்ந்தால் தோல் மலை போலக் குவியும். விழுப்புரத்து டாக்டர் அதை நிறுத்தினார். "கொழுப்பு. தொடக்கூடாது" என்றார். மச்சான் முகம் செத்துப்போனது. டாக்டருக்கே மனசு கேட்கவில்லை.

"வேணும்னா வறுத்த பட்டாணி கொஞ்சம் தின்னுங்க. அதுல கொழுப்பு பேருக்குத்தான்."

இந்த டாக்டர் எந்த மூட்டையில் கை விட்டுப் பார்த்தார்? எனக்கு நம்பிக்கை இல்லை. மண்டிக்கு லீவு போட்டு மச்சானோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீடு திரும்பும் நாளில் வாசலில் தள்ளுவண்டிப் பட்டாணி வாங்கித் தாளில் நசுக்கினேன். கறை இல்லை. சரி, டாக்டர் தேறிவிட்டார்.

ஊருக்கு வந்து மண்டியில் வேலை பார்த்தபடியே பாய் கடைப் பட்டாணியையும் நசுக்கினேன். கறை விழுந்தது.

அன்றே மச்சானிடம் தீர்ப்புச் சொன்னேன். "நம்மூர் பட்டாணியில கொழுப்பு இருக்குது மச்சான். விழுப்புரம் பட்டாணிதான் சுத்தம்."

"அது எப்படி மாப்ளே?"

"மண்ணு அப்படி."

மண் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மச்சானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் எனக்கு விழுப்புரம் பஸ்தான். வழியில் மயிலம் கோயில் கூட்டம் ஏறினால் நிற்க இடம் இருக்காது. பட்டாணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வருவேன். வாங்கினதை மறுபடி நசுக்கிப் பார்ப்பதில்லை. தீர்ப்புச் சொன்ன சரக்கை எதற்குப் பார்ப்பது? ஆனால் டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன். பாய் கடையில் வியாபாரம் படுத்தது.

அதனால்தான் பாய் அன்றைக்கு மச்சான் வீட்டுக்கே வந்தார். நான் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தேன்.

"இன்னா தம்பி, என் பட்டாணியில கொழுப்புன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியிறியாமே? நான் மணல்ல வறுக்கிறவன். ஒரு சொட்டு எண்ணெய் கெடையாது. ஏன் பேஜாரு பண்றே?"

"நான் சொல்லல பாய். விரல் சொல்லுது."

தாள் கேட்டேன். அக்கா கொடுத்தார். பாய் கொண்டுவந்த பட்டாணியை நசுக்கினேன். கறை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகு மச்சான் கிண்ணத்திலிருந்து விழுப்புரம் பட்டாணியை எடுத்து நசுக்கினேன்.

கறை. முன்னதைவிடக் கொஞ்சம் பெரியது.

மச்சான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்போ இதுவும் கூடாதா மாப்ளே?"

"கூடாதுதான் மச்சான்."

அக்கா கிண்ணத்தை எடுக்க வந்தார். மச்சான் விடவில்லை. நெஞ்சு வலியில் கூட அழாத மனுஷன். கண் கலங்கிவிட்டது. "இதையும் எடுத்துட்டா அப்புறம் நான் என்னத்தத் தின்றது?"

என் மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு தாளை நீட்டினாள்.

"ஏங்க, இதுல தேயுங்க."

"பட்டாணி எங்க?"

"பட்டாணி வேணாம். சும்மா தேயுங்க."

சும்மா தேய்த்தேன். மூன்றிலும் அதுதான் பெரிய கறை. தாளைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது.

முதலில் சிரித்தது அக்கா. பாய் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இந்த வெரலச் செக்குல போட்டா ஒரு படி எண்ணெய் எறங்கும்பா."

மச்சான் அதற்குள் ஒரு பிடி வாயில் போட்டுவிட்டார்.

பாய் விடவில்லை. "அந்தத் தள்ளுவண்டிக்காரனும் நானும் விழுப்புரத்துல ஒரே மண்டியிலதான் மூட்டை எடுக்கறோம். வடக்க எங்கியோ வெளஞ்சி ரயில்ல வருது. நம்ம பக்கம் பட்டாணிச் செடிய நீ எங்கியாவது பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை.

"மண்ணுன்னியே மாப்ளே" என்றார் மச்சான். வாய் நிறையப் பட்டாணி. பாய் கொண்டுவந்த பொட்டலத்தையும் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டார். இரண்டு ஊர்ப் பட்டாணியும் கலந்துவிட்டது. எது எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை.

"வா மாப்ளே, நீயும் தின்னு. கையக் கழுவிக்கினு வா."

அக்கா சோப்பு கொடுத்தார். கழுவிக்கொண்டு வந்தேன். என் மனைவி கிண்ணத்துக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தேயுங்க" என்றாள். கறை. திரும்பிப் போனேன். பாய் கடையை மறந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

தாளில் கறை விழாமல் இருக்க, நாலு தடவை கழுவ வேண்டியிருந்தது.