சனிக்கிழமைப் பல்லி முட்டைகள்

ஆண் பல்லியின் தொடைக்கு அடியில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுரப்பி. அதிலிருந்து கசியும் மெழுகைத் தேய்த்துத்தான் 'இது என் சுவர்' என்று பல்லி மற்ற பல்லிகளுக்குச் சொல்கிறது. முட்டைக்குள் அந்தச் சுரப்பி எப்போது, எப்படித் தொடங்குகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எங்கள் நெய்யூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால் கல்யாணப் பேச்சு தானாக நின்றுவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. வெறும் தோலோடு இருக்கும் கரு என்னிடம் இருந்தது. சுரப்பி முழுசாக உருவான கருவும் இருந்தது. தோல் தடித்து உள்ளே இறங்கத் தொடங்கும் நடுக்கட்டம் மட்டும் கிடைக்கவில்லை. "அது இல்லாட்டா ஆய்வே இல்லை, தலைப்பை மாத்திரு," என்றார் என் பேராசிரியர். மாற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

முட்டைக்குப் பஞ்சமில்லை. புத்தாண்டுக்குச் சபையில் தரும் வசன அட்டையை எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சுவரில் மாட்டுவார்கள். வருஷம் போனாலும் கழற்ற மாட்டார்கள். வேத வசனத்தைக் குப்பையில் போடலாமா? அந்த அட்டைகளுக்குப் பின்னால்தான் பல்லிகளின் பிரசவம். வீடு வீடாகப் போய் முட்டை எடுத்தேன். ஆனால் எது என்றைக்கு இட்டது என்று யாருக்குத் தெரியும்? உடைத்துப் பார்த்தால் ஒன்று முந்தியிருக்கும், ஒன்று பிந்தியிருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் முட்டை தங்காது. அம்மாவுக்குப் பல்லி என்றாலே ஆகாது. ஞாயிறு ஆராதனைக்கு முன் வீடு சுத்தமாக வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் ஒவ்வோர் அட்டையாகத் தூக்கி, பின்பக்கத்தை வாரியலால் தட்டிவிடுவாள். ஒரு சனிக்கிழமை இரண்டு வெள்ளை முட்டைகள் என் காலடியில் விழுந்து உடைந்தன. கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். போன சனிக்கிழமை அங்கே முட்டை இல்லை. அப்படியானால் இவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வயதில்லை! ஊரிலேயே வயது தெரிந்த முட்டைகள் எங்கள் வீட்டில்தான்.

"அம்மா, இனி தட்டாதே. எடுத்துத் தா."

"சவத்துப் பல்லிக்கா? எனக்கு வேற சோலி இல்லியா, ஏட்டி?"

விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். அடுக்களையில் கேட்டேன், கிணற்றடியில் கேட்டேன், ஆராதனை முடிந்து வரும் வழியெல்லாம் கேட்டேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய தேயிலை டப்பாவை நீட்டினாள். உள்ளே முட்டைகள்.

வாராவாரம் டப்பா வந்தது. முட்டைகளை ஈர மணலில் வைத்து, நாள் கணக்குப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். தோலை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தேன். பல வாரம் ஒன்றுமில்லை. விடவில்லை. ஒருநாள் நுண்ணோக்கியில், தோசை மாவில் விரல் அழுத்தினதுபோல, தோல் ஓரிடத்தில் உள்ளே இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

படத்தை லேப்டாப்பில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதாம்மா."

பக்கத்தில் முழுக் கருவின் படமும் இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கையும் காலும் மடக்கி, பிள்ளையாட்டுல்லா கிடக்கு," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஓர் அட்டையைத் தூக்கினாள். பார்த்தாள். மெதுவாகப் பழையபடி விட்டாள்.

"எனக்கு இனி முட்டை வேண்டாம்மா. நீ தட்டிவிடலாம்," என்றேன்.

"நீ போ, மக்கா," என்றாள், வாரியலைக் கீழே வைத்துக்கொண்டே. "உனக்குத் தந்ததுல ஒண்ணுகூட விரிஞ்சு குஞ்சு வரல்லல்லா. இதாவது விரியட்டு."